பழைய லீட் ஸ்க்ரூவை வைத்தே சிஎன்சி ஆக்கிய மில்லிங்: அளவு தப்பினால் எங்கே தேடுவது

கைச்சக்கரம் சுற்றி ஓட்டிய டரெட் மில்லிங் மிஷினை சிஎன்சி (கம்ப்யூட்டர் சொல்ல மோட்டார் ஓட்டுவது) ஆக்கப் போகிறேன் என்றால், டேபிளை நகர்த்தும் மரைத் தண்டான லீட் ஸ்க்ரூவைக் கழற்றிப் போட்டுவிட்டு, மரைக்குள் குண்டுகள் உருளும் பால் ஸ்க்ரூ மாட்டு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பணம் இருந்தால் மாட்டலாம். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துச் சின்னப் பட்டறையில் கணக்கு வேறு. பால் ஸ்க்ரூவின் விலையோடு செலவு நிற்பதில்லை. அதன் நட் தடித்த உடம்புக்காரன். பழைய நட் உட்கார்ந்திருந்த இடத்தில் பெரும்பாலும் நுழையாது. டேபிளைத் தாங்கும் சேடில் வார்ப்பைக் குடைய வேண்டும், அதற்கு இன்னொரு பெரிய மிஷின் வேண்டும். ஸ்க்ரூவின் முனையைக் கடையப் போனால் அது கடினப்படுத்திய எஃகு. சாதாரண டூல் பிட் மழுங்கிப்போய்விடும்.

பழைய ஸ்க்ரூவுக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. 28 மி.மீ. விட்டம், 5 மி.மீ. பிட்ச் (ஒரு சுற்றுக்கு நகரும் தூரம்) உள்ள ட்ரெப்பிசாய்டல் (சரிவக வடிவ) மரையின் சாய்வு சுமார் மூன்றரை டிகிரிதான். எண்ணெய் போட்ட எஃகு ஸ்க்ரூவும் கன்மெட்டல் (வெண்கல வகை) நட்டும் நழுவத் தொடங்கும் உரசல் கோணம் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல். அதனால் டேபிளை எவ்வளவு தள்ளினாலும் ஸ்க்ரூ தானாகச் சுற்றாது. மோட்டாரை அணைத்துவிட்டு ஒரு கீவே (தண்டில் கீ உட்காரும் பள்ளம்) மட்டும் கையால் வெட்டிக்கொள்ளலாம். பால் ஸ்க்ரூவில் அப்படிக் கைச்சக்கரத்தைப் பிடித்தால் கட்டரின் விசையே டேபிளை இழுத்துக்கொண்டு போகும்.

இதற்கு விலை இரண்டு. மோட்டார் கொடுக்கும் சக்தியில் முப்பது சதவீதம் போலத்தான் டேபிளுக்குப் போய்ச் சேரும், மீதி உரசலில் சூடாகிப் போகும். இன்னொன்று ஆட்டம், அதாவது பேக்லாஷ்: திசை திரும்பும்போது டேபிள் நகரும் முன் தீர வேண்டிய இடைவெளி. இந்த இரண்டிலிருந்து கிளைக்கும் கோளாறுகள்தான் கீழே வருகின்றன. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மோட்டாரை ஓட்டும் கண்ட்ரோலரில் ஆட்டத்தை ஈடுகட்டும் பேக்லாஷ் எண்ணைத் தட்டுவது கடைசி வேலை. நிறையப் பேர் அதில்தான் ஆரம்பிக்கிறார்கள்.

ஸ்பேனரை எடுக்கும் முன்

தப்பு எவ்வளவு என்று பார்ப்பதைவிட, தப்பு எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க வேண்டும். டயலை (சின்ன அசைவையும் முள்ளால் காட்டும் கேஜ்) கட்டர் மாட்டும் ஸ்பிண்டிலில் பிடித்து, அதன் முனையை டேபிளில் வைத்த ஒரு சதுரக் கட்டையில் தொடவிடுங்கள். மேக்னட் ஸ்டாண்டை டேபிளின் மேலேயே ஒட்டிவிட்டு அதே டேபிளை அளப்பவர்களும் இருக்கிறார்கள். அதில் டயல் அசையாது, மனசுக்கு மட்டும் சுகம்.

கட்டர் எதையும் தொடாமல் ஒரு சின்ன புரோகிராம் ஓட்டுங்கள்: பூஜ்ஜியத்தைத் தாண்டி வலப்பக்கம் 10 போய்ப் பூஜ்ஜியத்துக்கு வரட்டும், பிறகு இடப்பக்கம் 10 போய்ப் பூஜ்ஜியத்துக்கு வரட்டும். இப்படி இருபது முப்பது சுற்று. அடுத்து, ஒரே பக்கமாகவே 50, 100, 150 என்று நகர்த்தி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் அளவு துல்லியமான ஸ்லிப் கேஜ் கட்டையையோ நல்ல வெர்னியரையோ வைத்துச் சரிபாருங்கள்.

வலமிருந்து வந்தால் ஒரு அளவு, இடமிருந்து வந்தால் ஒரு அளவு, முப்பதாவது சுற்றிலும் அந்த வித்தியாசம் மாறவில்லை என்றால் அது பேக்லாஷ். தூரம் கூடக் கூடத் தப்பும் கூடினால் பிட்ச் கணக்கு. தூரத்தைப் பொருட்படுத்தாமல் சுற்றுக்குச் சுற்று சேர்ந்துகொண்டே போனால் மோட்டார் ஸ்டெப் விடுகிறது, அதாவது நகரச் சொன்ன சின்ன அடிகளில் சிலவற்றைத் தவறவிடுகிறது. காலையில் சரியாக இருந்து, மெல்ல மெல்ல வளர்ந்து, ஒரு மணி நேரத்தில் ஒரு அளவில் நின்றுவிட்டால் வெப்பம். நான்கும் நான்கு வைத்தியம். பேக்லாஷ் எண்ணை ஏற்றுவதால் பின்னால் சொன்ன மூன்றில் ஒன்றுகூடத் தீராது, சில சமயம் மறைந்துகொள்ளும். அது இன்னும் மோசம்.

வட்டம் வெட்டினால் நான்கு இடத்தில் தட்டையாக இருக்கிறது

பள்ளத்தூர் ஆச்சி ஒருவர் தேன்குழல் வில்லை கேட்டிருந்தார். பழைய பித்தளைக் குழல், வில்லை மட்டும் தொலைந்துபோனது. பித்தளைத் தகட்டில் 60 மி.மீ. வட்டமாக மில்லிங்கில் வெட்டிக் கொடுத்தோம். ஒரு வாரத்தில் திரும்பி வந்தார்.

“தம்பி, வில்லை நல்லாத்தான் இருக்கு. ஆனா பிழியிறப்ப ஓரத்துல மாவு பிதுங்குது. சுத்தியும் இல்ல, நாலே நாலு இடத்துல.”

ஆச்சி சொன்னதைவிடச் சரியாக எந்தப் புத்தகமும் பேக்லாஷை விவரிக்காது. வெர்னியரை எக்ஸ் திசையில் வைத்தால் 59.8, ஒய் திசையிலும் 59.8, 45 டிகிரியில் சாய்த்து வைத்தால் சரியாக 60. வட்டம் சுற்றும்போது எக்ஸ் அச்சு வலக்கோடியிலும் இடக்கோடியிலும் திசை திரும்பும்; ஒய் அச்சு மேலும் கீழும் திரும்பும். திரும்பும் அந்த நொடியில் ஸ்க்ரூ சுற்றும், ஆனால் மரையின் இடைவெளி தீரும்வரை டேபிள் நகராது. அந்த நேரத்தில் அடுத்த அச்சு மட்டும் ஓடுவதால் கோடு நேராக விழுகிறது. நான்கு திருப்பம், நான்கு தட்டை. குறுக்களவில் எவ்வளவு குறைகிறதோ அதுதான் அந்த அச்சின் ஆட்டம். மூலைவிட்டத்தில் குறையாது.

இதே அளவை நன்றாகப் படிக்கக் கற்றுக்கொண்டால் இன்னும் சில கோளாறுகள் தாமாகவே பிரிந்துவிடும். எக்ஸ் குறுக்களவு மட்டும் குறைந்து ஒய் சரியாக இருந்தால், ஒரே அச்சில்தான் ஆட்டம், அல்லது அந்த அச்சின் ஸ்டெப் கணக்கு தப்பு. மேலே சொன்ன டயல் சோதனை எது என்று சொல்லிவிடும். இரண்டு மூலைவிட்டங்களும் ஒன்றுக்கொன்று சமமில்லாமல் வட்டம் சாய்ந்த முட்டையாக வந்தால் அது ஸ்க்ரூவின் பாவமே இல்லை: எக்ஸும் ஒய்யும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக ஓடவில்லை, அல்லது சேடிலின் கிப் பட்டை (சறுக்கும் தடத்தின் இடைவெளியை அடைக்கும் பட்டை) தளர்ந்து டேபிள் திரும்பும்போதெல்லாம் கோணிக்கொள்கிறது. தட்டைக்குப் பதில் நான்கு இடத்திலும் சின்னப் புடைப்பு தெரிந்தால், யாரோ கண்ட்ரோலரில் இருக்கிற ஆட்டத்தைவிட அதிகமாக எண் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

சரி, ஆட்டம் எங்கே இருக்கிறது?

பட்டறைப் பையன் கேட்பான்: “அண்ணே, கம்பன்சேஷன்ல 0.2 போட்டா முடிஞ்சுபோச்சே?” எந்த 0.2 என்று கேட்டால் முழிப்பான். மோட்டாருக்கும் டேபிளுக்கும் நடுவே நான்கைந்து மூட்டுகள் இருக்கின்றன. நட் தேய்ந்திருக்கும் என்று முடிவு கட்டி அதை முறுக்குவதற்கு முன் மற்றவற்றைத் தள்ள வேண்டும்.

மோட்டார் பக்கமிருந்து ஆரம்பியுங்கள். மோட்டாரையும் ஸ்க்ரூவையும் சேர்க்கும் கப்ளிங்கிலோ புல்லியிலோ கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத சின்ன ஸ்க்ரூ) வெறும் உருண்டைத் தண்டில் உட்கார்ந்திருந்தால் அது ஒரு நாள் நழுவும். தண்டிலும் புல்லியிலும் சேர்த்து பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுத்துவிட்டு அரை நாள் ஓட்டுங்கள். கோடு முறிந்திருந்தால் விடை கிடைத்துவிட்டது. தண்டில் ஒரு தட்டையான இடம் ஃபைல் பண்ணிக் கிரப் ஸ்க்ரூ போடுவது குறைந்தபட்சம். கீவே இருக்கிற ஸ்க்ரூவாக இருந்தால் கீயையே பயன்படுத்துங்கள், பழைய கைச்சக்கரத்துக்கு அதுதானே இருந்தது.

அடுத்து பேரிங். இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ஸ்க்ரூவின் முனையில் சென்டர் துளை இருக்கும். அதில் கொஞ்சம் கிரீஸ் தடவி ஒரு சின்ன பேரிங் குண்டை ஒட்டவையுங்கள். தட்டை முனை போட்ட டயலை அந்தக் குண்டின் மேல் தொடவிட்டு, டேபிளை முன்னும் பின்னும் சின்னதாக ஓட்டுங்கள். ஸ்க்ரூ சுற்றினாலும் குண்டு நடுவில் இருப்பதால் டயல் சும்மா இருக்க வேண்டும். திசை திரும்பும்போது டயல் முள் குதித்தால் ஸ்க்ரூவே முழுசாக முன்னும் பின்னும் போய்வருகிறது. கைச்சக்கரக் காலத்தில் அந்த ஆட்டத்தை ஆப்பரேட்டரின் கை சமாளித்தது. மோட்டாருக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆங்குலர் கான்டாக்ட் பேரிங் ஒரு ஜோடியை முதுகுக்கு முதுகு வைத்து லாக் நட்டால் இறுக்கினால் இந்தப் பங்கு கிட்டத்தட்ட மறைந்துவிடும். பழைய ஸ்க்ரூவை வைத்துக்கொள்பவர்கள் பணம் போட வேண்டிய முதல் இடம் இதுதான் என்பது என் கட்சி.

மூன்றாவது, நட்டைத் தாங்கும் பிராக்கெட். அதன் போல்ட் தளர்ந்து, பின் தேய்ந்து, நட் முழுசாக ஊசலாடும். டயலை நட்டின் முகத்தில் நேரடியாக வைத்துப் பார்த்தால் தெரியும்.

இவ்வளவும் பார்த்த பிறகு மிச்சமிருப்பதுதான் மரையின் ஆட்டம். டரெட் மில்லிங்கின் நட்டுகள் பலவற்றில் ஒரு வெட்டு இருக்கும், அதை இறுக்க ஸ்க்ரூவும் இருக்கும். அதைத் தொடும்போது ஒரே விதி: டேபிளை ஒரு கோடிக்குக் கொண்டுபோய், ஸ்க்ரூ குறைவாகத் தேய்ந்த இடத்தில் வைத்து இறுக்குங்கள். நடுவில் வைத்து இறுக்கினால் நடுவில் வெண்ணெய் மாதிரி ஓடும், கோடியில் போய்க் கவ்விக்கொள்ளும். மோட்டார் உறுமும், ஸ்டெப் விடும், நீங்கள் மோட்டாரை ஓட்டும் டிரைவைக் குற்றம் சொல்வீர்கள். கையால் சுற்றிப் பார்த்து, முழு ஓட்டத்திலும் ஒரே கனம் இருக்கும் வரையில்தான் இறுக்கலாம். 0.05 முதல் 0.08 வரை விட்டுவைத்தால் போதும். பூஜ்ஜியத்துக்கு இறுக்கினால் கன்மெட்டல் சூடேறித் தேய்ந்து, சில மாதத்தில் பழைய இடத்துக்கே வரும்.

இப்போது கண்ட்ரோலருக்குப் போகலாம். மாக்3, லினக்ஸ்சிஎன்சி என்ற கண்ட்ரோலர் சாஃப்ட்வேர்களில் ஒவ்வொரு அச்சுக்கும் பேக்லாஷ் எண் கொடுக்க வசதி இருக்கிறது. சின்னப் பலகையில் ஓடும் ஜிஆர்பிஎல்லின் மூலப் பதிப்பில் கிடையாது. ஜிஆர்பிஎல் பலகையை வைத்துக்கொண்டு பழைய ஸ்க்ரூவில் வட்டம் வெட்ட ஆசைப்படுபவர்கள் வாங்கும்முன் இதை யோசிக்க வேண்டும். லினக்ஸ்சிஎன்சியில் பேக்லாஷ் எண் போட்டவுடன் மிஷின் தடுமாறினால், ஸ்டெப் பல்ஸை உண்டாக்கும் ஸ்டெப்ஜெனின் அதிகபட்ச முடுக்கத்தைப் பாருங்கள். ஆட்டத்தைத் தாண்டுவதற்கான கூடுதல் ஓட்டம் அதில் அடங்க வேண்டும். அச்சின் முடுக்கத்தைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கொடுத்து வைப்பது வழக்கம்.

கம்பன்சேஷன் சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் என்ட் மில் கட்டர் உடைகிறது

ஏனென்றால் கம்பன்சேஷன், அதாவது அந்தப் பேக்லாஷ் எண், ஸ்க்ரூவைத்தான் நகர்த்துகிறது, மரையின் இடைவெளியை அடைப்பதில்லை. இடைவெளி அங்கேயே இருக்கிறது. டேபிள் அதற்குள் நகராமல் இருப்பது கிப்பின் உரசலால் மட்டுமே.

கட்டர் சுற்றும் திசையும் ஜாப் (வெட்டப்படும் பொருள்) நகரும் திசையும் எதிரெதிராக இருக்கும் சாதாரண மில்லிங்கில் கட்டர் டேபிளைப் பின்னுக்குத் தள்ளும். மரை ஒரே பக்கமாக அழுந்தி நிற்கும், பிரச்சினை இல்லை. இரண்டும் ஒரே திசையில் போகும் கிளைம்ப் மில்லிங்கில் கட்டர் ஜாப்பைத் தன் பக்கம் இழுக்கும். இழுக்கும் விசை உரசலைத் தாண்டிய கணத்தில் டேபிள் அந்த 0.2-ஐ ஒரே தாவாகத் தாவும். ஒரு பல்லுக்கு 0.05 என்று கணக்குப் போட்ட வெட்டு, ஒரு பல்லுக்கு 0.25 ஆகிறது. 6 மி.மீ. கட்டர் தாங்காது.

வெட்டும் பாதையை எழுதித் தரும் கேம் (CAM) சாஃப்ட்வேர்கள் பெரும்பாலும் நம்மைக் கேட்காமலேயே கிளைம்பைத்தான் தேர்ந்தெடுக்கும், அவை பால் ஸ்க்ரூ மிஷினை மனசில் வைத்து எழுதப்பட்டவை. பழைய ஸ்க்ரூவில் ரஃபிங் (முதலில் நிறைய எடுக்கும் வெட்டு) முழுக்கச் சாதாரண மில்லிங்காக மாற்றுங்கள். பினிஷிங்கில் 0.1 மட்டும் எடுக்கும்போது கிளைம்ப் வைத்துக்கொள்ளலாம், விசை சிறியது, கிப் பிடித்துக்கொள்ளும். ஒரு அச்சு மட்டும் ஓடும் நீளமான வெட்டுகளில் மற்ற அச்சின் லாக்கைக் கையால் பூட்டிவிடுங்கள். சிஎன்சியில் லாக்கைப் பூட்டுவதா என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும், திறக்க மட்டும் மறக்கக் கூடாது.

துளைகளுக்கு இன்னொரு பழக்கம்: எல்லாத் துளைக்கும் ஒரே திசையிலிருந்து வந்து நிற்கும்படி புரோகிராம் எழுதுவது. ஒவ்வொரு துளைக்கு முன்பும் 1 மி.மீ. தள்ளிப் போய் வலப்பக்கமாக வந்து நின்றால், ஆட்டம் எவ்வளவு இருந்தாலும் துளைகளுக்கு இடையிலான தூரம் சரியாகவே வரும். துளை மட்டும் போடும் வேலைக்குப் பால் ஸ்க்ரூவே தேவையில்லை.

நடுவில் லூஸ், கோடிகளில் டைட்

ஜாப்பைக் கவ்வும் வைஸை எப்போதும் டேபிளின் நடுவில் வைத்து ஓட்டிய மிஷின் எல்லாவற்றுக்கும் வரும் வியாதி. புது நட் போட்டால் தீரும் என்று மதுரையில் போய் பாஸ்பர் பிரான்ஸ் உருளை வாங்கிவந்து, மரை வெட்டி மாட்டுகிறார்கள். கோடிக்கு ஏற்ற நட் நடுவில் லூஸாகத்தான் இருக்கும், தேய்ந்தது ஸ்க்ரூ. புது நட்டால் கிடைப்பது பாதி லாபம்.

முதலில் 25 மி.மீ.க்கு ஒரு தடவை ஆட்டத்தை அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். நடுவில் 0.3, கோடியில் 0.08 என்று வந்தால், ஒரே பேக்லாஷ் எண் எங்குமே பொருந்தாது. கோடிக்குப் போட்டால் நடுவில் பற்றாது, நடுவுக்குப் போட்டால் கோடியில் வட்டம் புடைக்கும். லினக்ஸ்சிஎன்சியில் இடத்துக்கு இடம் திருத்தம் கொடுக்கும் கோப்பு வசதி உண்டு. போகும்போது எவ்வளவு, வரும்போது எவ்வளவு என்று தனித்தனியே எழுதலாம். அந்தக் கோப்பைக் கொடுத்துவிட்டால் தனி பேக்லாஷ் எண் கணக்கில் வராது என்பதையும் நினைவில் வையுங்கள். அந்த அளவுக்கு உட்கார்ந்து எழுதப் பொறுமை இல்லாதவர்களுக்கு எளிய வழி: வைஸை டேபிளின் இடப்பக்கம் நகர்த்திவிடுங்கள். அங்கே ஸ்க்ரூ கிட்டத்தட்டப் புதுசு.

இரண்டு நட்டை ஸ்பிரிங் வாஷரால் தள்ளி வைக்கும் ஏற்பாட்டையும் சிலர் செய்கிறார்கள். வேலை செய்யும், ஆனால் ஸ்பிரிங்கின் விசை வெட்டும் விசையைவிட அதிகமாக இருந்தால்தான். அவ்வளவு இறுக்கினால் உரசல் ஏறும், மோட்டார் திணறும், நட் சீக்கிரம் தேயும். தகட்டு வேலை, பித்தளை, அலுமினியம் என்றால் சரி. எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) கட்டையில் 16 மி.மீ. கட்டர் ஓட்டுபவர்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

உறுமி நிற்கிறது, அல்லது ஓட்டத்துக்கு ஓட்டம் இடம் நகர்ந்துபோகிறது

உரசலுக்கு மோட்டார் கொடுக்கும் கப்பம் எவ்வளவு என்று ஒரு கணக்கு. டேபிளை 2000 நியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தள்ள வேண்டும், பிட்ச் 5 மி.மீ. என்று வையுங்கள். பால் ஸ்க்ரூ என்றால் ஸ்க்ரூவில் 1.8 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். நம் பழைய ஸ்க்ரூவுக்கு 5.3 வேண்டும். மூன்று மடங்கு. ஸ்டெப்பர் மோட்டாரின் மேல் எழுதியிருக்கும் முறுக்கு நின்ற நிலையில் கொடுப்பது. வேகம் ஏற ஏற அது சரிந்துவிடும். அதனால்தான் நீமா 23 அளவுள்ள சின்ன மோட்டாரை நேராக மாட்டியவர்களின் மிஷின் மெதுவாக ஓடும்போது சமத்தாகவும், ரேப்பிடில் (வெட்டாமல் வேகமாக நகரும்போது) முரண்டாகவும் இருக்கிறது. பழைய ஸ்க்ரூவுக்கு ஏற்றது அதைவிடப் பெரிய நீமா 34, இரண்டுக்கு ஒன்று டைமிங் பெல்ட், ரேப்பிட் நிமிடத்துக்கு 1500 மி.மீ.க்குள். இதற்குமேல் ஆசைப்பட்டால் அந்த ஆசைக்குப் பெயர் பால் ஸ்க்ரூ.

கோளாறைப் பிரிக்க ஒரு சோதனை போதும். முதல் டயல் சோதனையையே பாதி வேகத்தில், பாதி முடுக்கத்தில் ஓட்டுங்கள். இடம் நகர்வது நின்றுவிட்டால் முறுக்கு பற்றவில்லை: கிப்பைத் தளர்த்திப் பாருங்கள், எண்ணெய் வருகிறதா பாருங்கள், மோட்டார் தண்டும் ஸ்க்ரூவும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா பாருங்கள். வேகம் குறைத்தும் அதே அளவு நகர்ந்தால் சந்தேகம் மின் பக்கம்.

அதில் ஒன்று விசேஷமானது, பலரைப் பல நாள் அலைக்கழிப்பது. திசை மாற்றும் சிக்னல் வந்து நிலைகொள்ளும் முன்பே ஸ்டெப் பல்ஸ் வந்துவிட்டால், அல்லது பல்ஸின் எந்த விளிம்பில் டிரைவ் எண்ணுகிறது என்பது கண்ட்ரோலரில் தலைகீழாக இருந்தால், திரும்பும்போது ஒரு ஸ்டெப் தவறும். இரண்டுக்கு ஒன்று பெல்ட், எட்டு மைக்ரோஸ்டெப் (ஒரு ஸ்டெப்பை எட்டாகப் பிரிப்பது), 5 மி.மீ. பிட்ச் என்றால் ஒரு மி.மீ.க்கு 640 ஸ்டெப். போய்வரும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று தவறினால் கண்ணுக்குத் தெரியாது. ஆயிரம் சுற்றுள்ள ஒரு பாக்கெட்டை (பள்ளத்தை) வெட்டி முடிக்கும்போது ஒன்றரை மி.மீ. போயிருக்கும். அடையாளம்: எப்போதும் ஒரே பக்கமாக நகரும், திருப்பங்களின் எண்ணிக்கைக்குத் தகுந்தபடி. பல்ஸின் போலாரிட்டியை மாற்றி, திசைக்கான காத்திருப்பு நேரத்தைக் கூட்டினால் நின்றுவிடும்.

ஒழுங்கே இல்லாமல், சில நாள் இடப்பக்கம், சில நாள் வலப்பக்கம் நகர்ந்தால் ஸ்பிண்டிலை அணைத்துவிட்டு அதே புரோகிராமை ஓட்டுங்கள். அப்போது சரியாக இருந்தால் ஸ்பிண்டில் வேகத்தை மாற்றும் விஎஃப்டியின் மின் இரைச்சல் சிக்னல் வயரில் ஏறுகிறது. மோட்டார் வயரையும் சிக்னல் வயரையும் ஒரே குழாயில் விடாதீர்கள். ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் மட்டும் வருகிறதென்றால், தெருவில் எல்லார் வீட்டிலும் ஃபேனும் லைட்டும் மோட்டாரும் ஓடுகிற நேரம், உள்ளே வரும் வோல்டேஜை மீட்டரில் பாருங்கள்.

100 போகச் சொன்னால் 101.6 போகிறது

இதற்கு ஸ்பேனரே வேண்டாம். ஸ்க்ரூ இஞ்ச் மரை: ஒரு இஞ்சுக்கு ஐந்து, அதாவது 5.08 மி.மீ. பிட்ச். கண்ட்ரோலரில் 5 என்று கொடுத்திருக்கிறீர்கள். மேலே சொன்ன ஏற்பாட்டில் 640-க்குப் பதில் 629.92 கொடுங்கள். பழைய மிஷின் கைமாறி வரும்போது எந்த மரை என்று விற்றவருக்கும் தெரியாது. கைச்சக்கரத்தின் டயல் வளையத்தில் 200 கோடு இருக்கிறதா, 250 கோடா என்று பார்த்தால் ஓரளவு ஊகிக்கலாம். அளந்து பார்ப்பதே உத்தமம். தப்பு இதைவிடச் சிறியதாக, 100-க்கு 0.03 போல இருந்தால் அது ஸ்க்ரூவின் சொந்தப் பிட்ச் தப்பு. நீங்கள் வேலை செய்யும் பகுதிக்கு ஏற்ப ஸ்டெப் எண்ணைத் திருத்திக்கொள்ளலாம்.

வெட்டின முகத்தில் 5 மி.மீ.க்கு ஒரு அலை

அலையின் நீளம் பிட்சுக்குச் சமமாக இருந்தால் ஸ்க்ரூ லேசாக வளைந்திருக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் டேபிளைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. பிராக்கெட் போல்ட்டைத் தளர்த்தி, டேபிளைக் கோடிக்குக் கொண்டுபோய், அங்கே வைத்து மறுபடி இறுக்குங்கள். நட் ஸ்க்ரூவோடு நேர்கோட்டில் உட்காரும். பாதிக்குப் பாதி அதிலேயே சரியாகும். ஆகவில்லையென்றால் ஸ்க்ரூவைக் கழற்றி வி-பிளாக்கில் சுற்றிப் பார்க்க வேண்டும்.

காலையில் போட்ட ஜாப் சரி, மத்தியானம் போட்டது பெரிசு

எஃகு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 12 மைக்ரான் போல நீளும். 600 மி.மீ. ஸ்க்ரூ 10 டிகிரி சூடேறினால் 0.07. சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைப் பட்டறை முழுவதும் சூடாகும்தான், ஆனால் அப்போது மிஷினும் ஜாப்பும் சேர்ந்தே நீளும். தொல்லை தருவது உரசலால் ஸ்க்ரூ மட்டும் தனியாகச் சூடேறுவது. தொட்டுப் பாருங்கள்: டேபிள் வார்ப்பைவிட நட் பிராக்கெட் கையைச் சுட்டால் சந்தேகமே வேண்டாம். நட்டை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறீர்கள், அல்லது எண்ணெய் போகவில்லை. ஜாப்பை பேரிங் பொருத்திய முனைக்குப் பக்கத்தில் வையுங்கள், நீட்சி அந்த முனையிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. அளவு முக்கியமான வேலைக்கு முன் பதினைந்து நிமிடம் சும்மா ஓடவிட்டு, அதன் பிறகு பூஜ்ஜியம் எடுங்கள்.

டிரில் அடிப்பக்கம் வெளியேறும்போது இழுத்துக்கொண்டு பாய்கிறது

குவில்லை, அதாவது ஸ்பிண்டிலோடு மேலும் கீழும் போகும் குழாயை, மோட்டாரால் ஓட்டுபவர்களுக்கு வருவது. மேலே அழுத்தம் இருக்கும்வரை மரை ஒரு பக்கமாக உட்கார்ந்திருக்கும். டிரில் மறுபக்கம் எட்டிப் பார்த்த நொடியில் அதன் சுருளே குவில்லைக் கீழே இழுக்கும். கேஸ் ஸ்பிரிங்கால் குவில்லை எப்போதும் மேலே தாங்கிப் பிடித்தால் ஆட்டம் ஒரே பக்கமாக நிற்கும். நீ-யை (knee, டேபிளைத் தாங்கி ஏறி இறங்கும் வார்ப்பு) ஓட்டுகிறீர்கள் என்றால் அதன் எடையே இந்த வேலையைச் செய்துவிடும்.

எண்ணெயில் மினுமினுப்பு

நட்டுக்குக் கீழே வழியும் எண்ணெயை விரலில் எடுத்து வெயிலில் பாருங்கள். தங்கப் பொடி மாதிரி மின்னினால் கன்மெட்டல் கரைகிறது. சிவப்பாகக் குழைந்திருந்தால் செம்மண். நம் ஊர்ப் பட்டறைகளில் இது தனிக் கதை. ரோட்டோரக் கொட்டகை, கோடைக் காற்றில் செம்மண் புழுதி. பக்கத்துக் கடையில் பழைய நிலைவாசலைக் கடைந்துகொண்டிருந்தால் தேக்குத் தூள். ஆத்தங்குடிப் பக்கம் தரைக்கல் (டைல்) பட்டறைக்கு அடுத்த கட்டடம் என்றால் சிமென்ட். எண்ணெயோடு இவை சேர்ந்தால் மரைக்கு நடுவே கிரைண்டிங் பேஸ்ட் தயார். கையால் ஓட்டிய காலத்தில் ஒரு நாளைக்கு ஓடிய தூரத்தை சிஎன்சி ஒரு மணி நேரத்தில் ஓடிவிடுகிறது, தேய்மானமும் அதே வேகம்.

நட்டின் இரண்டு பக்கமும் ஃபெல்ட் வளையம் வையுங்கள். ஸ்க்ரூவின் மேல் ரப்பர் பெல்லோஸ் அல்லது குறைந்தபட்சம் ரெக்சின் துணி தொங்கவிடுங்கள். 68 கிரேடு ஸ்லைடுவே ஆயில் போடுங்கள். வண்டியில் வடித்த பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றும் வழக்கத்தை நிறுத்துங்கள். கை பம்பு இருந்தால் எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அழுத்துவது போதாது, புரோகிராம் ஓடும் நேரத்தில் மணிக்கொரு தடவை. ஸ்க்ரூவைக் காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டாம், தூள் நட்டுக்குள்தான் போகும். பிரஷ்ஷும் துணியும் போதும்.

எப்போது விட்டுவிடலாம்

நட்டை இறுக்கி, பேரிங் மாற்றி, கிப் சரிசெய்து, அதற்குப் பிறகும் வேலை செய்யும் பகுதியில் ஆட்டம் 0.15-க்குக் கீழே இறங்கவில்லை என்றால் ஸ்க்ரூ தன் காலத்தை முடித்துவிட்டது. அப்போதும் பால் ஸ்க்ரூதான் ஒரே வழி என்றில்லை. துளை, ஸ்லாட், கீவே, பிளேட் வேலை செய்பவர் புது ட்ரெப்பிசாய்டல் ஸ்க்ரூவும் நட்டும் போட்டுக்கொண்டால் இன்னும் பல வருஷம் ஓட்டலாம். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையிலிருந்து பித்தளைக் கைப்பிடியை எடுத்துவந்து இதே மாதிரி செய்து தா என்று கேட்கும் வேலை, பூவும் இலையும் செதுக்கும் முப்பரிமாண வேலை என்றால் கதை வேறு. அங்கே கட்டர் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஏறி இறங்கித் திசை மாறுகிறது, ஒவ்வொரு மாற்றத்திலும் ஆட்டம் தழும்பு வைக்கும், கிளைம்பையும் தவிர்க்க முடியாது. அதற்கு பால் ஸ்க்ரூ.

அப்படி மாற்றும்போது முதலில் எக்ஸ், ஒய் இரண்டை மட்டும் மாற்றுங்கள். இசட்டில் பழைய ஸ்க்ரூவே இருக்கட்டும்: கரண்ட் போனால் பால் ஸ்க்ரூவில் நீ (knee) தன் எடையாலேயே கீழே இறங்கிவிடும், அதைப் பிடிக்க பிரேக் வைத்த மோட்டார் வாங்க வேண்டிவரும்.